ஆச்சியிடம் எப்படிக் கேட்பது?

போன சனிக்கிழமை காலை லேக் எலிசபெத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது தோழி பாதி வழியில் நின்றுவிட்டாள். வாத்துக் கூட்டம் ஒன்று நிதானமாகப் பாதையைக் கடந்தது. அதற்காக நின்றாள் என்று நினைத்தேன். இல்லை.

"இவ என்ன படிக்கப் போறாளாம் தெரியுமா? ஜெரண்டாலஜி!"

"அப்படின்னா என்ன?" என்று நான் கேட்கவில்லை. அந்த வார்த்தை எனக்குப் பழக்கம். எப்படிப் பழக்கமானது என்று பின்னால் சொல்கிறேன்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், சைக்காலஜின்னா. சரின்னோம். அப்புறம் மெட் ஸ்கூல் போவான்னு பார்த்தோம். இப்ப, வயசானவங்களுக்கு ஞாபகம் எப்படி மாறுதுன்னு ஆராய்ச்சி பண்ணணுமாம். ஆறு வருஷம் பிஎச்.டி.யாம். ஊர்ல கேட்டா என்னன்னு சொல்லுவேன்? கிழவிகளோட பேசிட்டு இருக்கப் படிக்கிறான்னா?"

எங்களுக்கு எதிரே இருந்த பெஞ்சில் ஸ்வெட்டர், மஃப்ளர், வெள்ளை ஸ்னீக்கர்ஸ் சகிதம் நம்மூர்ப் பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ரீமான்ட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. 2009-லேயே நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியது. ஃப்ரீமான்ட் ஹப் கடைவளாகத்தில் வாரம் ஐந்து நாள் கூடி, ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்த டீயைக் குடித்தபடி பேசிக்கொண்டிருந்த இந்தியத் தாத்தாக்கள் தங்கள் கூட்டத்துக்கு வைத்திருந்த பெயர் 'நூறு வருஷம் வாழும் சங்கம்'. பெயரில் உற்சாகம் இருந்தாலும், பேச ஆளில்லாத தனிமையைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை பேசியது. அன்று பெஞ்சில் இருந்தவர்களுக்கு எழுபது வயது என்றால் அவர்களைக் கூட்டிவந்த பிள்ளைகளுக்கு நாற்பது இருக்கும். இன்று அந்தப் பிள்ளைகள் அறுபதை நெருங்குகிறார்கள். அடுத்து பெஞ்சுக்குப் போகப்போவது நாம்தான்.

அதனால் இந்த மாதம் தோழியின் மகள் தேர்ந்தெடுத்திருக்கும் படிப்பைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜெரியாட்ரிக்ஸ் என்பது முதியோர் மருத்துவம். அதைப் படித்தவர் டாக்டர். மருந்து எழுதுவார். ஜெரண்டாலஜி என்பது முதுமையியல். உடம்பு, மனது, குடும்பம், பணம், வீடு, சட்டம் என்று வயதாவதன் எல்லாப் பக்கங்களையும் ஆராயும் துறை. அதில் ஒரு கிளைதான் வயதோடு நினைவும் கவனமும் யோசிக்கும் வேகமும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது. நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை. எண்பத்தைந்து வயதிலும் பேரன் பேத்திகளின் பிறந்தநாளைத் தேதி மாறாமல் சொல்லும் பாட்டியையும் பார்ப்பார்கள். இவருக்கு மட்டும் எப்படி இது முடிகிறது என்பதும் ஆராய்ச்சிதானே?

இது அப்படியொன்றும் பழைய துறை இல்லை. அமெரிக்க அரசின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 1974-இல் தொடங்கியது. மறு வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் முதுமையியலுக்கென்றே ஒரு கல்லூரியை ஆரம்பித்தது. நம்மில் பலருடைய வயதுதான் இந்தத் துறைக்கும்.

"யாராவது இதை விரும்பிப் போய்ப் படிப்பாங்களா?" என்று தோழி கேட்டாள். டம்பார்ட்டன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் லாரா கார்ஸ்டென்சனின் கதையைச் சொன்னேன். அவரும் விரும்பிப் போகவில்லை. 21 வயதில் ஒரு கச்சேரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஓட்டியவர் குடித்திருந்ததால் வேன் உருண்டு, எலும்புகள் நொறுங்கி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே வார்டில் பக்கத்துப் படுக்கைகளில் எல்லாம் இடுப்பெலும்பு முறிந்த வயதான பெண்கள். அடிபட்டது எல்லோருக்கும்தான். ஆனால் சின்னப் பெண்ணான தன்னிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு, அவர்களிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு என்று படுத்தபடியே கவனித்தார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியரான அப்பா, மகளுக்குப் பொழுது போகட்டும் என்று சைக்காலஜி வகுப்புப் பாடங்களை டேப்பில் பதிவுசெய்து கொண்டுவந்து கொடுத்தார். அந்த டேப்பும் அந்த வார்டும் சேர்ந்து ஒரு வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டன. 1987-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தவர், பிறகு அங்கே நீண்ட ஆயுள் பற்றிய ஆய்வு மையத்தை நிறுவினார்.

அவர் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படித்தான். மீதமிருக்கும் காலம் குறைவு என்று தெரியும்போது மனுஷர் புது ஆட்களைத் தேடுவதை விட்டுவிட்டு, மனசுக்கு நெருக்கமானவர்களிடமே நேரத்தைச் செலவழிப்பார். வயதானால் நண்பர் வட்டம் சுருங்குவதைச் சோகம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெரும்பாலும் அது அவர்களே செய்யும் தேர்வு என்றார் இவர். இதை ஃப்ரீமான்ட்டில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. நம் பெற்றோருக்கு நெருக்கமானவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தில் இருக்கிறார்கள். மீதிப் பேர், அதாவது நாம், மீட்டிங்கில் இருக்கிறோம்.

*

தோழியின் மகளுக்கும் ஒரு வார்டு உண்டு. அதை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அவளுடைய ஆச்சி, அதாவது அப்பாவின் அம்மா, திருநெல்வேலிப் பக்கம். மூணாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு க்ளினிக்கில் ஆச்சிக்கு நினைவுச் சோதனை வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஃபோனில். துணைக்குப் போனது பேத்தி.

"இது என்ன மாசம்?"

"மாசி மாசம்லா" என்றார் ஆச்சி. அது மார்ச் முதல் வாரம். ஆச்சி சொன்னது சரிதான். ஆனால் ஃபோனில் இருந்தவர், "மார்ச்சான்னு கேளுங்க" என்று பேத்தியிடம் சொல்ல, இங்கே அதற்குள் பேனா நகர்ந்துவிட்டது.

"எந்த கவுன்ட்டியில் இருக்கிறோம்?" அலமேடா கவுன்ட்டி. இருபது வருஷமாக இங்கே வரி கட்டும் நானே ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வேன்.

அடுத்து, 'வேர்ல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்ட வேண்டும். எழுத்துக்கு ஒரு மார்க் வீதம் அஞ்சு. மொழிபெயர்ப்பாளர் நல்ல எண்ணத்தோடு 'உலகம்' என்று மாற்றினார். உலகத்தில் நாலு எழுத்துதானே! அஞ்சாவது மார்க்குக்கு ஆச்சி எங்கே போவார்? "எனக்கு எழுத்து எங்க தாயீ தெரியும்?" என்று சிரித்தாராம். பிறகு சிரிக்கவில்லையாம். வெளியே வந்து காரில் ஏறும்போது, "நான் எல்லாத்தையும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆச்சிக்கு ஞாபக மறதி இருக்கா இல்லையான்னு அந்த டெஸ்ட் சொல்லவே இல்லை ஆன்ட்டி. ஆச்சி ஸ்கூல் போகலைன்னு மட்டும்தான் சொல்லிச்சு" என்றாள் அந்தப் பெண். அன்று ராத்திரி இதைப் பற்றி யாராவது யோசித்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தவள்தான்.

யோசித்திருக்கிறார்கள். உலகமெங்கும் பரவலாகப் பயன்பட்ட முப்பது மார்க் சோதனை ஒன்று 1975-இல் அமெரிக்காவில் வந்தது. படித்தவர்களை மனதில் வைத்துச் செய்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேரி கங்குலியும் அவருடன் வேலைசெய்த இந்திய, அமெரிக்க ஆய்வாளர்களும், ஹரியானாவில் பல்லப்கட் பகுதிக் கிராமங்களில் மறதி நோயைப் பற்றி ஆராயப் போனபோது இந்தச் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். அங்கே பெரியவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சும்மா மொழிபெயர்க்காமல் ஒவ்வொரு கேள்வியையும் பிரித்துப் பார்த்து, இது எதைச் சோதிக்கிறது என்று கேட்டார்கள். வார்த்தையைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டுவது எதற்கு? கவனத்தைச் சோதிக்க. அதற்கு எழுத்து எதற்கு? வாரத்தின் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லட்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில், இருபதிலிருந்து மூணு மூணாக. 'கண்ணை மூடு' என்று எழுதிக்காட்டிப் படிக்கச் சொல்வதற்குப் பதில், "நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கேட்பவர் தன் கண்ணை மூடுவார். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லுங்கள். 1995-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இந்தியாவில் மறதி நோயை ஆராய்பவர்கள் இன்றும் இந்தச் சோதனையைக் கையில் எடுக்கிறார்கள்.

கேள்வியை மாற்றினார்களே தவிர, சோதனையைச் சுலபமாக்கவில்லை. பரீட்சை ஆச்சியின் பள்ளிக்கூடத்துக்கு இல்லாமல் நினைவுக்கு நடக்கும்படி செய்தார்கள். இப்படி ஒரு கேள்வியை மாற்ற ரெண்டு பக்கமும் தெரிந்தவர் வேண்டும். 'மாசி' என்ற பதிலைக் கேட்டு அது சரி என்று தெரிந்தவரும் அவர்தான்.

*

மார்க்கோடு விஷயம் முடிவதில்லை. மறதி நோய் என்று முடிவுகட்ட டாக்டர்கள் இன்னொன்றும் கேட்பார்கள். தினசரி வேலைகளைச் செய்ய முடிகிறதா? பணம் கையாள்கிறாரா, சமைக்கிறாரா, தனியாக வெளியே போய்வருகிறாரா? இங்கேதான் நம் வீடுகளின் பெரிய சிக்கல் இருக்கிறது.

1998-இல் தொடங்கிய ஒரு உலகளாவிய ஆய்வுக் குழுவுக்கு '10/66' என்று பெயர். மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்ற கணக்குதான் அந்தப் பெயர். அவர்கள் ஆராய்ந்த இடங்களில் நம் சென்னையும் வேலூர்ப் பக்கக் கிராமங்களும் உண்டு. 2008-இல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தன. அமெரிக்க மருத்துவ விதிப்படி பார்த்தால், 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் மறதி நோய் கியூபாவில் 6.3 சதவீதம். இந்தியக் கிராமத்தில் 0.3 சதவீதம்! ஆனால் குழு தானே உருவாக்கிய வேறு அளவுகோலால் பார்த்தபோது அதே கிராமத்து எண்ணிக்கை பல மடங்கு ஏறியது.

ஏன் இத்தனை வித்தியாசம்? குடும்பத்தாரிடம் கேட்டால், "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறார்கள். பெரியவரால் தினசரி வேலை செய்ய முடியவில்லை என்று அவர்கள் சொல்வதில்லை. ஏனென்றால் பெரியவரிடம் யாரும் வேலையே கொடுப்பதில்லை. காபி கைக்கு வருகிறது. பணத்தை மகன் பார்த்துக்கொள்கிறான். கோயிலுக்குப் பேரன் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறான். தடுமாற வாய்ப்பே இல்லாதபோது தடுமாற்றம் எப்படித் தெரியும்?

இதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. இப்போது என் கதையைச் சொல்கிறேன்.

என் அம்மா திருச்சியில் தனியாக இருந்தார். அப்பா போன பிறகு ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் ஆறு மாதம் ஃப்ரீமான்ட்டில். கடைசியாக வந்தபோது அம்மாவை நான் ராணி மாதிரி வைத்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமையல் என்னுடையது. மாத்திரையை டப்பாவில் கிழமை வாரியாகப் போட்டு நானே எடுத்துக் கொடுப்பேன். வெளியே போனால் கார். காசு தொட வேண்டிய வேலை இல்லை. ஊரில் யாரோடாவது பேச வேண்டுமா, நானே நம்பரைப் போட்டுக் கொடுப்பேன். ஆறு மாதத்தில் அம்மாவிடம் ஒரு குறையும் நான் பார்க்கவில்லை. "அம்மா ரொம்ப அமைதியாயிட்டா, முன்ன மாதிரி குறுக்கே பேசறதில்லை" என்று தங்கையிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

திருச்சிக்குத் திரும்பி மூணாவது வாரம் தங்கைக்கு ஃபோன் வந்தது. பேசியது பால்காரர். "அம்மா இந்த மாசத்துக்கு மூணு தடவை காசு கொடுத்துட்டாங்க. வேண்டாம்னு சொன்னா கோவிச்சுக்கறாங்க."

அம்மா நாற்பது வருஷமாக ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். பால், கீரை, சலவை, பூ என்று தினமும் எழுதுவார். நான் போய் அதைப் புரட்டினேன். ஃப்ரீமான்ட்டுக்கு வருவதற்கு முந்தைய மாதங்களிலேயே ஒரே நாள் பாலை ரெண்டு முறை எழுதியிருந்தார். கூட்டல் கோணிக்கொண்டிருந்தது. பிறகு ஆறு மாதம் வெற்றுத்தாள். ஃப்ரீமான்ட்டில் அவருக்கு எழுத ஒன்றுமே இல்லை. நான்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேனே.

அம்மாவின் அமைதியை மனநிறைவு என்று படித்தவள் நான். பால்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் ஜெரண்டாலஜி என்ற வார்த்தை என் வீட்டுக்குள் வந்தது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. முன்னாலேயே தெரிந்திருந்தால் நோயை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் அம்மாவோடு பேச வேண்டியதைப் பேசியிருப்பேன்.

பல்லப்கட் குழுவினர் இதற்கும் ஒரு வழி கண்டிருந்தார்கள். வேலையே கொடுக்கப்படாத பெரியவரிடம் எதைப் பார்ப்பது? முக்கியமான பண்டிகைகளை நினைவு வைத்திருக்கிறாரா, குடும்ப விஷயத்தில் தன் கருத்தைச் சொல்கிறாரா, சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறாரா, தெரிந்த ஊருக்குள்ளேயே வழி தவறுகிறாரா என்று ஒரு பட்டியல் போட்டார்கள். 'குடும்ப விஷயத்தில் கருத்துச் சொல்கிறாரா' என்ற கேள்வியை முதன்முதலில் கேட்டபோது, "முன்ன மாதிரி குறுக்கே பேசறதில்லை" என்று நான் சொன்னதுதான் காதில் ஒலித்தது.

*

ஆக, இது 'கிழவிகளோட பேசிட்டு இருக்கிற' படிப்பா? ஆமாம், ஒருவகையில் அதேதான். எதைப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று கண்டுபிடிக்கும் படிப்பு.

இங்கே, நம் வடக்குக் கலிஃபோர்னியாவிலேயே, கைசர் உறுப்பினர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆசியர் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் சீனர், ஜப்பானியர், ஃபிலிப்பினோ, தெற்காசியர் என்று பிரித்துப் பார்த்தார்கள். புதிதாக மறதி நோய் கண்டறியப்படும் விகிதம் அந்த நால்வரில் தெற்காசியருக்குத்தான் மிகக் குறைவு. சந்தோஷப்படலாம்தான். ஆனால் என் அம்மாவின் நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. டாக்டரிடம் போனவர்தானே பதிவில் வருவார்? நம்மவர்களுக்கு நோய் குறைவா, நாம் பார்ப்பது குறைவா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, நம் வீட்டுச் சமையலறை வரைக்கும் வரத் தெரிந்த ஆய்வாளர் வேண்டும்.

இந்தியாவில் இப்போது கணக்கு கொஞ்சம் தெளிவாகியிருக்கிறது. பல மாநிலங்களில் நாலாயிரம் பெரியவர்களுக்கு மேல் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2023-இல் சொன்னது: 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய். அதாவது சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அதாவது ஆச்சிகளுக்கு.

நம்மிடமிருந்து உலகம் கற்றுக்கொண்டதும் உண்டு. ரெண்டு மொழி பேசுபவர்களுக்கு மறதி நோய் தாமதமாக வருகிறது என்று கனடாவில் முதலில் சொன்னார்கள். அங்கே ரெண்டு மொழிக்காரர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். அப்படியானால் காரணம் மொழியா, குடியேற்றமா? ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழு 648 நோயாளிகளைப் பார்த்தது. அங்கே யாரும் குடியேறியவர் இல்லை. கடைத்தெருவில் தெலுங்கும் உருதுவும் சாதாரணம். அங்கேயும் நாலரை வருஷம் தாமதம். பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. 2013-இல் வந்த இந்த முடிவைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போனால் மறதி நோய் வராது என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளிக்குப் போக வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

"நம்ம ஆளுங்க யாராவது இதுல பெரிய ஆளா வந்திருக்காங்களா?" தோழியின் அடுத்த கேள்வி. பெற்றோர் கேள்வி அப்படித்தான் இருக்கும். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கினார். இந்தியாவிலேயே அது முதல். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்குத் தனி எம்.டி. படிப்பு வந்தது. 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். ஆராய்ச்சிப் பக்கம் பார்த்தால், சென்னையில் பிறந்த விஜயலக்ஷ்மி ரவீந்திரநாத். உயிர்வேதியியல் படித்து, மானேசரில் தேசிய மூளை ஆய்வு மையத்தின் முதல் இயக்குநராகி, பிறகு பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தோடு இணைந்த மூளை ஆய்வு மையத்தை உருவாக்கினார். கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுராவில் பத்தாயிரம் கிராமத்து மனிதர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு அந்த மையத்துடையது. நோய் வந்த பிறகு போய்ப் பார்க்காமல், வருவதற்கு முன்பிருந்தே கூட நடப்பது.

கூட நடப்பது என்றால் எவ்வளவு காலம்? வார்னர் ஷாய் என்பவர் 1956-இல் தன் பிஎச்.டி.க்காக சியாட்டிலில் ஒரு ஆய்வு தொடங்கினார். ஏழு வருஷத்துக்கு ஒரு முறை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் போய்ச் சோதித்தார், கூடவே புது ஆட்களையும் சேர்த்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அது நடந்தது. அதுவரை இளைஞர்களையும் முதியவர்களையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இருபது வயதிலிருந்தே புத்தி இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே ஆளைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பெரும்பாலான திறன்கள் அறுபது வரைக்கும் பெரிதாக இறங்குவதில்லை. முன்னவர்கள் பார்த்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வயதால் வந்ததே இல்லை. ஒரு தலைமுறைக்குக் கிடைத்த படிப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. ஆச்சியின் மூணாம் வகுப்பு மறுபடியும்!

*

நடைமுறைக்கு வருவோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

இதற்கு இளங்கலையில் முதுமையியல்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. சைக்காலஜி, உயிரியல், புள்ளியியல், சமூகவியல், பொதுச் சுகாதாரம், நர்ஸிங் என்று பல வாசல்கள். கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒரு வாசல்தான். நினைவு ஆய்வில் இன்று டேட்டா மலைமலையாகக் குவிகிறது. அதன் பிறகு பிஎச்.டி. ஐந்தாறு வருஷம். இங்கே நல்ல பல்கலைக்கழகங்களில் அறிவியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் ஃபீஸ் கட்ட வேண்டாம், வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையும் வரும். பே ஏரியா வாடகைக்கு அது பத்தாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிறகு ரெண்டு மூணு வருஷம் போஸ்ட்டாக். அதன் பிறகு பேராசிரியர் வேலை கிடைத்தால் நிரந்தரமாக இன்னும் ஆறேழு வருஷம். கிடைக்காமலும் போகலாம். ஆராய்ச்சிக்கு அரசு மானியம் வாங்க எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நிராகரிப்புக் கடிதங்கள் சகஜம். மருத்துவமனை, நகராட்சி, மருந்துக் கம்பெனி, டெக் கம்பெனி என்று வேறு இடங்களும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு மென்பொருள்காரர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும். ஒப்பிட வேண்டாம்.

பிள்ளைக்கு ஆசைதானா, நிஜமான ஈடுபாடா என்று தெரியவில்லையா? ஒரு கோடை விடுமுறையில் நம் ஊர் முதியோர் மையத்தில் தன்னார்வலராகப் போகச் சொல்லுங்கள். பெரியவர்களின் ஒரே கதையை நாலாவது தடவையும் கேட்க முடிகிறதா என்று பார்க்கட்டும். ஸ்டான்ஃபோர்ட், சான் ஃபிரான்சிஸ்கோ, டேவிஸ் எல்லாம் கார் தூரத்தில்தான். ஆய்வுக்கூடங்களுக்குத் துணிந்து மின்னஞ்சல் எழுதலாம்.

பெற்றோரை இங்கே வைத்திருப்பவர்களுக்கும் ரெண்டு வார்த்தை. நினைவுச் சோதனை என்றால் நேரில் வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். எந்த வகுப்பு வரை படித்தவர், வீட்டில் என்ன பேசுவார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இன்னொன்று: அவர்களிடமிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிவிடாதீர்கள். காய் நறுக்கட்டும். கடையில் பணம் கொடுத்துச் சில்லறை வாங்கட்டும். உறவினர் நம்பரைத் தேடிப் போடட்டும். அவர்களுக்கும் நல்லது. ஏதாவது மாறினால் உங்கள் கண்ணிலும் படும்.

தோழியின் மகள் செப்டம்பரில் கிளம்புகிறாள். தோழி இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. ஆனால் ஊருக்கு ஃபோன் செய்தபோது, "பொண்ணு மூளை ஆராய்ச்சி" என்று சொன்னதைக் கேட்டேன். பரவாயில்லை, பாதி தூரம் வந்துவிட்டாள்.

போன வாரம் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கணக்கு நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். தமிழ் எண்ணிக்கையும் சுருக்கெழுத்தும் கலந்த அம்மாவின் கையெழுத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். கடைசியில் நிமிர்ந்து, "ஆன்ட்டி, அப்ப உங்ககிட்ட யாராவது என்ன கேட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றாள்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். "உங்கம்மா கடைசியா எப்ப உன்கூடச் சண்டை போட்டாங்கன்னு கேட்டிருந்தா" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.